வராத பில்: தோரோவின் கணக்கும் எங்கள் வீட்டுக் கணக்கும்

28 டாலர், 12½ சென்ட். 1845-இல் வால்டன் குளக்கரையில் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ கட்டிக்கொண்ட வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு இவ்வளவுதான். அங்கே வாழ்ந்ததைப் பற்றி எழுதிய 'வால்டன்' நூலின் முதல் அத்தியாயத்தில் அதை வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார். பலகை 8 டாலர் 3½ சென்ட். பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். கண்ணாடி போட்ட பழைய ஜன்னல் இரண்டு, 2 டாலர் 43. சுண்ணாம்பு இரண்டு பீப்பாய், 2 டாலர் 40. பக்கத்திலேயே 'விலை அதிகம்' என்று ஒரு குறிப்பு. சாந்தில் சேர்க்கும் மயிர் 31 சென்ட். 'தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன்'. ஆணி 3 டாலர் 90. தாழ்ப்பாள் 10 சென்ட். சாக்பீஸ் 1 சென்ட். வண்டிக்கூலி 1 டாலர் 40. நிறையச் சாமானை முதுகிலேயே சுமந்து வந்தாராம்.

எளிமையாக வாழுங்கள் என்று சொல்கிறவர்கள் ஏராளம். ரசீதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னவர்கள் குறைவு. இந்தப் பட்டியலைப் படித்த பிறகுதான் தோரோ மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸில், கான்கார்டை ஒட்டிய ஆக்டனில். இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வால்டன் என்றால் எங்களுக்கெல்லாம் கோடையில் பிள்ளைகளை நீந்த அழைத்துப் போகும் இடம். கேம்பிரிட்ஜுக்கு வேலைக்குப் போக நான் ஏறும் ஃபிட்ச்பர்க் ரயில் அந்தக் குளத்தை ஒட்டித்தான் போகிறது. அதே தடம்தான் தோரோ காலத்திலும் இருந்தது. அவர் குடியேறுவதற்கு முந்தைய ஆண்டுதான் கான்கார்டுக்கு ரயில் வந்திருந்தது. நடுக்காட்டுத் தனிமை என்று நாம் கற்பனை செய்துகொள்ளும் இடத்தில் ரயில் விசில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஊரும் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் போய்வந்ததை அவரே எழுதுகிறார். ஊரிலிருந்து ஓடிப்போன முனிவராக அவரைப் பார்க்கிறவர்கள் நூலைத் திறக்காதவர்கள்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1817-இல் கான்கார்டில் பிறந்தார். அப்பா பென்சில் செய்து விற்றவர். கிராஃபைட்டோடு களிமண் கலக்கும் முறையைச் செம்மைப்படுத்தி அந்தப் பென்சிலை நாட்டின் நல்ல பென்சில்களில் ஒன்றாக்கியது மகன்தான். 1837-இல் ஹார்வர்டில் படித்து முடித்தார். ஊர்ப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது; பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கச் சொன்னதால் சில நாட்களிலேயே விட்டுவிட்டார். பிறகு அண்ணன் ஜானோடு சேர்ந்து சொந்தமாகப் பள்ளி நடத்தினார். 1842 ஜனவரியில், சவரக்கத்தி பட்ட சிறு காயத்தில் தொற்றிய தனுர்வாதத்தால் அண்ணன் இறந்தார். இருவரும் 1839-இல் படகில் போய்வந்த நதிப் பயணத்தை நூலாக எழுதவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் தம்பி குளக்கரைக்குப் போனார். எழுதுவதற்கு நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தை எதைக் கொடுத்து வாங்குவது என்பதுதான் அவருடைய கேள்வி.

தோரோவும் சேர்ந்திருந்த, டிரான்சென்டென்டலிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட சிந்தனையாளர் கூட்டத்தின் நடுநாயகம் எழுத்தாளர் எமர்சன். இயற்கையிலும் ஒவ்வொரு மனிதனின் உள்ளுணர்விலும் தெய்வத் தன்மை இருக்கிறது, அதை அறியச் சபையோ மரபோ இடையில் தேவையில்லை என்பது அவர்களுடைய அடிப்படை. எமர்சனின் 'நேச்சர்' 1836-இல் வந்தது. அதை எழுதிய எமர்சன் நல்ல வசதியான வீட்டில் இருந்தார். அந்தத் தத்துவத்தோடு அன்றாடம் குடும்பம் நடத்திப் பார்க்க முடியுமா என்று சோதித்தது தோரோ. 1845 ஜூலை 4 அன்று குடியேறி, 1847 செப்டம்பர் 6 வரை, இரண்டு ஆண்டு இரண்டு மாதம் அங்கே இருந்தார். வீட்டின் அளவு 10 அடிக்கு 15 அடி. இன்று வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று கையை விரித்தால் நம்மூர் ஒண்டிக்குடித்தன அறை ஞாபகம் வரும்.

ஒரு பொருளின் விலை என்பது, அதைப் பெற உடனேயோ போகப்போகவோ நாம் கொடுக்கவேண்டிய வாழ்வின் அளவு என்கிறார் தோரோ. ரயிலைப் பற்றிய அவருடைய கணக்கு இதற்கு நல்ல உதாரணம். ஃபிட்ச்பர்க் 30 மைல். டிக்கெட் 90 சென்ட், கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. நான் இப்போதே நடக்கத் தொடங்கினால் இரவுக்குள் போய்விடுவேன். நீ முதலில் அந்த 90 சென்ட்டைச் சம்பாதித்து, பிறகு ரயிலேறி, நாளைக்கோ, வேலை சீக்கிரம் கிடைத்தால் இன்றிரவோ வந்துசேர்வாய். வழியெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டு நான் உனக்கு முன்னால் போயிருப்பேன் என்கிறார். அதே ஃபிட்ச்பர்க் ரயிலில் உட்கார்ந்து இதைப் படித்தபோது நோட்டை எடுத்து எங்கள் வீட்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டேன்.

எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். பலர் சம்பளத்தை அலுவலக நேரத்தால் வகுத்து, 'என் ஒரு மணி நேரம் இவ்வளவு' என்கிறார்கள். அது பெரிதாகத்தான் தெரியும். வரி பிடித்ததுபோகக் கையில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வேலைக்காகவே ஆகும் செலவைக் கழியுங்கள்: ரயில் பாஸ், மதியச் சாப்பாடு, அலுவலக உடுப்பு, குளிர்கால பூட்ஸ். மிச்சத்தை, அலுவலக நேரத்தோடு போகவர ஆகும் நேரத்தையும், காலையில் கிளம்பும் பரபரப்பையும், இரவு லேப்டாப்பைத் திறந்து முடிக்கிற வேலையையும் சேர்த்து வகுங்கள். எனக்கு வந்த எண், நான் நினைத்திருந்ததில் பாதிகூட இல்லை. அதன் பிறகு கடையில் எதைப் பார்த்தாலும் அதன் விலை மணிக்கணக்கில் தெரியத் தொடங்கியது.

முதலில் போனது இரண்டாவது கார். தவணை, இன்ஷூரன்ஸ், வருடாவருடம் ஒட்டும் இன்ஸ்பெக்ஷன் ஸ்டிக்கர், டயர். இந்த மாநிலத்தில் காருக்கென்று ஆண்டு வரியும் உண்டு. மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 25 டாலர். பனி விழுந்தால் இரண்டு வண்டியையும் தோண்டி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால், பெரும்பாலான நேரம் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த வண்டிக்காக மாதத்தில் பல நாட்கள் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விற்றுவிட்டோம். ரயில் நிலையத்துக்கு நடக்கிறேன். மழை, பனி நாட்களில் பக்கத்து வீட்டார் ஏற்றிக்கொள்வார்கள். அவர்கள் ஊருக்குப் போனால் அவர்கள் செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றுவேன். இதுவும் தோரோ வழிதான். வீடு கட்ட இரவல் கோடரியோடு கிளம்பியவர், வாங்கியபோது இருந்ததைவிடக் கூராகத் திருப்பிக் கொடுத்தார். இரவல் வாங்கக் கூச்சப்படாதீர்கள், திருப்பும்போது ஒரு படி மேலாகத் திருப்புங்கள். இங்கே பல ஊர் நூலகங்களில் புத்தகத்தோடு அருங்காட்சியக அனுமதிச் சீட்டும், துளை போடும் கருவியும்கூட இரவல் கிடைக்கிறது.

அடுத்தது பொருட்கள். மேஜை மேல் தோரோ மூன்று சுண்ணாம்புக் கல் வைத்திருந்தார். மனத்துக்குள்ளேயே துடைக்கவேண்டிய தூசு கிடக்கும்போது இந்தக் கற்களையும் தினமும் துடைக்கவேண்டுமா என்று மலைத்து ஜன்னல் வழியே வீசிவிட்டார். ஓர் அம்மையார் கால்மிதி தர வந்தபோது, வைக்க இடமும் உதற நேரமும் இல்லை என்று மறுத்தார். வாங்கும்போது ஒரு விலை, வைத்திருக்கும் காலமெல்லாம் ஒரு விலை. எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ரொட்டி இயந்திரம், துணி காயப்போட மட்டும் பயன்பட்ட டிரெட்மில், பெயர்கூட மறந்துபோன கிச்சன் சாமான்கள். கொலுப் பொம்மைகளும் அங்கேதான், அட்டைப் பெட்டிகளில். வருடத்தில் பத்து நாள்கூட வெளியே வராதவை. 'உபயோகப்படுகிறதா' என்று மட்டும் கேட்டால் பொம்மைகளும் போகவேண்டும். தோரோ அப்படிக் கேட்கவில்லை என்பது என் வாசிப்பு. அந்தச் சின்ன வீட்டில் மூன்று நாற்காலி வைத்திருந்தார்: தனிமைக்கு ஒன்று, நட்புக்கு இரண்டாவது, கூட்டத்துக்கு மூன்றாவது. புல்லாங்குழலும் இருந்தது, கோடை இரவுகளில் படகில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். பொம்மைகளை வைத்துக்கொண்டோம். டிரெட்மில் போய்விட்டது.

செலவுக் கணக்கில் எங்கள் வீட்டின் மிகப்பெரிய வரி, மதுரைக்குப் போகிற விமான டிக்கெட். அம்மாவுக்கு வயதாகிறது. அந்த வரியில் யாரும் கை வைக்கவில்லை. மற்ற வரிகளைக் குறைத்ததே பெரும்பாலும் அதற்காகத்தான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எட்டு மாதத்துக்கு தோரோவின் உணவுச் செலவு 8 டாலர் 74 சென்ட், வாரத்துக்கு ஏறக்குறைய 27 சென்ட். பட்டியலின் முதல் வரி அரிசி, 1 டாலர் 73½ சென்ட். இந்தியத் தத்துவத்தை இவ்வளவு நேசிக்கும் நான் அரிசியை நம்பி வாழ்ந்தது பொருத்தம்தான் என்று அவரே எழுதுகிறார். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். கீதையை ஆங்கிலத்தில் படித்தவர். 1855-இல் தாமஸ் சம்லி என்ற ஆங்கில நண்பர் இந்திய நூல்களாக 44 தொகுதி அனுப்பி வைத்தார். குளத்தில் ஐஸ் வெட்டும் காட்சியை எழுதும்போது, மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்கிறார். அது கவிமனம். வால்டனில் வெட்டி அடுக்கிய ஐஸின் பெரும்பகுதி கரையிலேயே கிடந்து உருகியதையும் அவரே பதிவு செய்கிறார். ஆனால் பாஸ்டனிலிருந்து மதராஸுக்கு ஐஸ் போனது உண்மை. ஐஸ் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர் அதற்காக 1842-இல் கட்டிய கிடங்குதான் சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

நாங்களும் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தோம். வெளியில் ஆர்டர் செய்வதை நிறுத்தி, கடை மாவு, உறைந்த சப்பாத்தி எல்லாவற்றையும் விட்டோம். கிரைண்டரை மேலே கொண்டுவந்தேன். நியூ இங்கிலாந்துக் குளிரில் மாவு லேசில் பொங்காது. ஓவனை அணைத்து உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை ராத்திரி முழுக்க அதற்குள் வைக்கவேண்டும். யாராவது தெரியாமல் ஓவனைப் பற்றவைத்துவிடாதபடி கதவில் காகிதம் ஒட்டுவேன். மாதக் கடைசியில் நோட்டில் பார்த்தால் சாப்பாட்டு வரி நன்றாகக் குறைந்திருந்தது. போனில் அம்மாவிடம் சொன்னேன். "மாவு அரைக்கிறது என்னத்தா பெருசு? கிரைண்டரைக் கழுவி எடுக்குறதுதான் வேலை. அதை யாரு செய்யுறா?" என்றார்.

அம்மாவின் கேள்வியோடு முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. உணவு, உடை, விளக்கெண்ணெய் எல்லாவற்றையும் கூட்டப்போகும் இடத்தில் தோரோ ஒரு விலக்கு வைக்கிறார். துணி துவைப்பதும் கிழிசல் தைப்பதும் இந்தக் கணக்கில் சேராது. அவை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நடந்தன, அவற்றின் பில் இன்னும் வந்துசேரவில்லை என்கிறார். பிறகு மொத்தம் 61 டாலர் 99¾ சென்ட் என்று கூட்டி முடிக்கிறார்.

அவருடைய துணியை அம்மா வீட்டில்தான் துவைத்தார்கள் என்பது பல காலமாகச் சொல்லப்படும் குறை. அதை வைத்து ஆளையே போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துவைத்த பில் வரவில்லை என்று 1854-இல் அச்சில் எழுதிய மனிதர், குறைந்தபட்சம் அப்படி ஒரு வரி உண்டு என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நம் வீடுகளில் எத்தனை கணக்கு நோட்டில் அந்த வரி இருக்கிறது? அவர் நோட்டில் வராத இன்னொன்றும் உண்டு. வீடு நின்ற நிலம் எமர்சனுடையது, வாடகை கிடையாது. ஆகவே 28 டாலருக்கு யார் வேண்டுமானாலும் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்வது சரியில்லை.

இந்த வராத பில்லைப் பற்றி யோசிக்க எங்கள் பக்கத்திலேயே இன்னொரு இடம் இருக்கிறது. ஆக்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹார்வர்டு என்று ஓர் ஊர். பல்கலைக்கழகம் வேறு, இந்த ஊர் வேறு. 1843-இல் அங்கே ஃப்ரூட்லேண்ட்ஸ் என்ற பெயரில் ஒரு கூட்டுவாழ்வுக் குடியிருப்பைத் தொடங்கினார் எமர்சனின் நண்பர் பிரான்சன் ஆல்காட். இறைச்சி கூடாது, பால் கூடாது, அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியை உடுத்தக்கூடாது, மாட்டின் உழைப்பைச் சுரண்டக்கூடாது. கொள்கையாகப் பார்த்தால் மேலானவை. ஏழெட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆண்கள் தத்துவம் பேச வெளியூர் போய்விட, மழை திரண்டு வந்தபோது வெட்டிக்கிடந்த பார்லியை உள்ளே கொண்டுவந்து சேர்த்தது மனைவி அபிகெய்லும் பிள்ளைகளும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி லூயிசா மே ஆல்காட். வளர்ந்து எழுத்தாளரான பிறகு 1873-இல் அந்த நாட்களைக் கதையாக எழுதினார். இங்கே சுமை சுமக்கும் மிருகம் உண்டா என்று வந்தவர் ஒருவர் கேட்க, 'ஒரே ஒரு பெண் மட்டும்' என்று பதில் வரும். அந்தப் பண்ணை வீடு இப்போது அருங்காட்சியகம். வால்டனுக்குப் போகிறவர்கள் அங்கேயும் போய்வரவேண்டும் என்பேன். எளிய வாழ்க்கைக்கு இரண்டு பக்கமும் தெரிய இரண்டு வீடும் வேண்டும்.

எங்கள் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டேன். பொருள், பணம், அடுத்து 'யாருடைய நேரம்'. பணம் குறைந்த வரிகளில் பெரும்பாலானவற்றில் என் பெயரே இருந்தது. அதைச் சண்டையாக்காமல் நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தேன். என் கணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாவை நான் பாத்துக்கறேன்" என்றார். இப்போது ஊறவைப்பது முதல் கிரைண்டர் கழுவுவது வரை அவர் வேலை. துணி மடிப்பது மகன் பொறுப்பு. இருவருக்கும் முடியாத வாரங்களில் கடை மாவு வாங்குகிறோம், நிம்மதியாக. செலவு கொஞ்சம் ஏறியது. ஆனால் மூன்று பத்தியையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் சிக்கனம். எளிமைப்படுத்தப் போகிறவர்கள் எதையாவது நிறுத்துவதற்கு முன்னால், அந்த வேலை யார் கைக்குப் போகிறது என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை விற்கும் யோசனை எங்கள் வீட்டில் அந்தப் பத்தியில்தான் நின்றுபோனது.

பிறருக்கு உபதேசம் செய்யும் இடத்தில் தோரோவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில் ஜான் ஃபீல்ட் என்ற அயர்லாந்துக்காரரின் குடும்பத்தைப் பார்க்கிறார். ஒழுகும் குடிசை, கைக்குழந்தை. அடுத்தவன் நிலத்தைக் கொத்திக்கொடுத்துப் பிழைக்கிற மனிதர். அவரிடம், டீ, காபி, வெண்ணெய், இறைச்சியை எல்லாம் விட்டால் இவ்வளவு உழைக்கவேண்டாம் என்று விளக்குகிறார். ஹார்வர்டில் படித்தவர், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போக அம்மா வீடு இருக்கிறவர், பிழைக்க வந்தவரிடம் சொல்கிறார். மதுரையில் ஒரே அறையில் எங்களை வளர்த்த அப்பாவிடம் யாராவது எளிமையாக இருங்கள் என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருக்கிறவன் விடுவது வேறு, இல்லாதவன் இல்லாமல் இருப்பது வேறு. தோரோவின் வீட்டுப் பலகைகளும் ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்து ரயில் தொழிலாளியின் குடிசையைப் 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தவை. விடிகாலையில் அந்தக் குடும்பம் படுக்கை, காபி அரைக்கும் கருவி, கண்ணாடி, கோழிகள் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு எதிரே நடந்துபோவதை அவர் பார்க்கிறார். அதனால் நான் யாருக்கும், குறிப்பாக இப்போதுதான் வேலை கிடைத்து முதல் கார் வாங்குகிற பிள்ளைகளுக்கு, இதைச் சொல்வதில்லை. கேட்டால் நோட்டைக் காட்டுவேன். என் வாழ்க்கை முறையை எவரும் அப்படியே பின்பற்றவேண்டாம், ஒவ்வொருவரும் தன் வழியைத் தேடட்டும் என்று தோரோவும் அதே நூலில் எழுதியிருக்கிறார். அந்தத் தோரோவைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சப்படுத்திய நேரத்தை அவர் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு மதிப்பு அதிகம். ஆண்டுக்கு ஆறு வாரம் வேலை செய்தால் வயிற்றுப்பாட்டுக்குப் போதும் என்று கண்டார். அவரைக்காய்ச் செடி நட்டு, களையெடுத்து (வரிசைகளைச் சேர்த்தால் ஏழு மைல்) தோட்டத்தில் நிகர லாபம் 8 டாலர் 71½ சென்ட் பார்த்தார். மீதி நேரத்தில் நதிப் பயண நூலை எழுதினார், வால்டன் நூலின் முதல் வரைவை எழுதினார். நதி நூல் 1849-இல் வந்தது. ஆயிரம் பிரதியில் 706 விற்காமல் வீட்டுக்கே திரும்பின. வால்டனைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதி 1854-இல்தான் வெளியிட்டார். பிற்பாடு நில அளவை செய்து பிழைத்தார்.

குளக்கரையில் இருந்தபோதே, 1846 ஜூலையில், தைக்கக் கொடுத்த செருப்பை வாங்க ஊருக்குள் போனவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அடிமை முறையைத் தாங்கி நிற்கும், மெக்சிகோ மீது போர் தொடுக்கும் அரசுக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று பல ஆண்டாகக் கட்டாமல் இருந்தார். யாரோ அவருக்காகக் கட்டிவிட, ஓர் இரவோடு முடிந்தது. மறுநாள் காலை செருப்பை வாங்கிக்கொண்டு பழம் பறிக்கப் போய்விட்டார். அந்த இரவிலிருந்து பிறந்த கட்டுரை, தென்னாப்பிரிக்காவில் காந்தியின் கைக்குப் போய், 1907-இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அதன் பகுதிகள் வந்தன. போராட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, தோரோவிடமிருந்து நான் எடுக்கவில்லை என்று காந்தி பின்னாளில் தெளிவுபடுத்தினார். ஆனாலும் நேட்டாலில் 3 பவுண்ட் வரியை எதிர்த்து 1913-இல் வேலையை விட்டு வெளியேறிய ஒப்பந்தத் தொழிலாளர்களில் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதை நினைத்தால், கான்கார்டின் அந்தச் சிறிய சிறை எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. செலவு குறைந்தவனுக்குப் பயமும் குறைகிறது. பறிமுதல் செய்ய அவனிடம் அதிகம் இல்லை. தோரோ குடும்பம் தப்பிவந்த அடிமைகளுக்கு உதவியது. 1859-இல், அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனுக்காக ஊரே தயங்கியபோது எழுந்து பேசியவர் இவர்.

எனக்குக் கிடைத்த நேரம் அவ்வளவு பெரியதல்ல. வாரத்தில் ஒரு மாலை ஊர் நூலகத்தில், புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மதியம் நடக்கிறேன். அவரைப் போல நாளுக்கு நான்கு மணி நேரம் நடக்க வேலைக்குப் போகிறவர்களால் ஆகாது. சாப்பாட்டு இடைவேளையில் முடிந்த அளவு. மகனோடு சேர்ந்து இயற்கைக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறோம், அது தோரோவைப் பார்த்துத் தொடங்கியதுதான். குளத்துப் பனிக்கட்டி முழுக்க உருகிய நாளை அவர் எழுதி வைத்திருக்கிறார்: 1845-இல் ஏப்ரல் 1, 1846-இல் மார்ச் 25, 1847-இல் ஏப்ரல் 8, 1852-இல் ஏப்ரல் 18 வரை இழுத்தது. 1850-களில் கான்கார்டில் எந்தப் பூ எந்த நாளில் பூத்தது என்ற அவருடைய குறிப்புகளை வைத்துத்தான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக் குழு, பல பூக்கள் இப்போது முன்கூட்டியே பூக்கின்றன என்று காட்டியது. காசு தராத ஒரு பழக்கம் நூற்றைம்பது ஆண்டு கழித்துக் காலநிலை ஆய்வுக்குச் சான்றாகிறது. எங்கள் குறிப்பேட்டில் வாசல் லைலாக் மொட்டு விரிந்த தேதி, முதல் ராபின் பறவை, முதல் உறைபனி. மகனுடைய கையெழுத்தில் இருப்பதால் சில தேதிகளைப் படிக்கக் கொஞ்சம் சிரமப்படவேண்டும்.

படிக்க நினைக்கிறவர்களுக்கு. முதல் அத்தியாயம் நீளமானது, அதில் பலர் நின்றுவிடுகிறார்கள். கையில் பேனாவோடு, பட்டியல்கள் வரும் இடங்களை மட்டும் முதலில் படியுங்கள். பிறகு அவரைக்காய்த் தோட்டம், குளத்தின் ஆழத்தை நூல் விட்டு அளந்து 102 அடி என்று கண்ட குளிர்கால அத்தியாயம். அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக வரும்.

நேரில் போகிறவர்கள் கோடை வார இறுதியைத் தவிருங்கள். வண்டி நிறுத்துமிடம் நிரம்பினால் வாசலை மூடிவிடுவார்கள். அக்டோபர் நல்ல மாதம். மாதிரி வீட்டோடு திரும்பிவிடாதீர்கள். உண்மையான வீடு நின்ற இடம் குளத்தின் மறுபக்கம், கரையோரப் பாதையில் கொஞ்சம் நடக்கவேண்டும். 1945-இல் தோண்டிக் கண்டுபிடித்த இடத்தைச் சுற்றிக் கருங்கல் தூண் நட்டிருக்கிறார்கள். அவர் அங்கே பயன்படுத்திய பச்சை நிற எழுதுமேஜையும் கட்டிலும் நாற்காலியும் ஊருக்குள் கான்கார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கார் இல்லாதவர்கள் கான்கார்ட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். சாலையோரத்தில் வண்டிகள் வேகமாக வரும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.